ஓதம் காய்ந்த சுவர்

அந்த இரண்டாம் மாடி வீடு எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் அதன் குளியலறைச் சுவர். ஓதம் ஏறி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, படுக்கையறை வரை பூஞ்சை நாற்றம் பரவியிருந்தது. வாடகை எட்டாயிரத்தைத் தாண்டாததற்கும் அதுவே காரணம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் தங்களால் முடியாது என்பது, இரண்டு மாதமாக ஊரெல்லாம் படியேறி இறங்கிய அந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் நன்றாகத் தெரியும்.

அவர்கள் அவனுடைய அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஒரு துணித்திரைக்குப் பின்னால், ஆறு ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தி வந்தார்கள். சண்டையைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் போட முடிந்தது. மாதக் கடைசியில் அண்ணியின் தாயார் நிரந்தரமாக வருகிறார். அண்ணி போகச் சொல்லவில்லை. வரப்போகும் கட்டிலுக்காகத் திரைக்குப் பின்னால் இவர்கள் படுக்கும் இடத்தை நாடா வைத்து அளந்தாள்.

அவன் பிளம்பர். வீடு பார்க்கப் போன அன்றே, வாடகைப் பேச்சை விட்டுவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"உள்ள ஜாயின்ட் விட்டிருக்கு சார். பழைய இரும்புக் குழாய். மாத்திட்டா பத்து நாள்ல காஞ்சிடும்."

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். கட்டடம் முழுவதும் அவருடையது. "அப்படியா தம்பி? வந்தவன் எல்லாம் சுவத்தையே இடிக்கணும்னான்."

"நானே செஞ்சுடறேன் சார். குடிவரப்போறது நாங்கதானே."

"தாராளமா செய்ங்க."

மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். ஒரு தலையணை உறையைக்கூடக் கையெழுத்தில்லாமல் கைமாற்றாதவள். படியிறங்கும்போது கேட்டாள்: "ஏங்க, ஒப்பந்தம் போட்டுட்டு அப்புறம் சுத்தியலைத் தூக்கலாம்ல?"

"ஒழுகற வீட்டுக்கு ஒப்பந்தமா? வேலை முடியட்டும், பேசிக்கலாம்."

அவன் தொழில் எப்போதும் அப்படித்தான் நடந்தது: முதலில் வேலை, பிறகு பேச்சு. முடிந்த வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் பேரம் பேசியதுண்டு; ஏமாற்றியதில்லை. கூலி கேட்பவனுக்கும் வீடு கேட்பவனுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவன் அறியவில்லை.

ஐந்து மாலைகள் வேலை நடந்தது. குழாய்க்கும் சிமெண்டுக்கும் ஆறாயிரம், முன்பணத்துக்காகச் சேர்த்ததிலிருந்து போயிற்று. அவள் கலவை குழைத்துக் கொடுத்தாள். ஒருநாள் அவன் வாளியைத் தட்டிவிட்டபோது, "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று வாய்விட்டுக் கத்தினாள். காலி அறை அதை இன்னும் பெரிதாக்கித் திருப்பித் தந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்கள்.

சுவர் காய்ந்ததும் வீட்டுக்காரர் வந்து உள்ளங்கையால் தடவினார், குழாயைத் திறந்து மூடினார், மோந்து பார்த்தார்.

"அருமை தம்பி. தங்கமான கை."

"அப்ப ஒண்ணாந்தேதி வந்துடலாமா சார்?"

"வாங்களேன். வாடகை மட்டும் பன்னெண்டு."

"எட்டுன்னீங்களே!"

"அது ஒழுகற வீட்டுக்கு. இப்ப இதுல என்ன குறை இருக்கு, நீங்களே சொல்லுங்க."

குறை எதையும் அவன் விட்டுவைக்கவில்லை.

"நல்ல நியாயம் சார்," என்றாள் மனைவி. "நாங்க வெளுத்துக் குடுத்த சட்டையைப் புதுசுன்னு எங்களுக்கே விக்கறீங்க."

வீட்டுக்காரர் கோபப்படவில்லை. "யாரோட உழைப்பையும் நான் சும்மா வாங்கறவன் இல்லம்மா. கீழ் வீட்டுலயும் இதே ஓதம்தான். தம்பி அதைச் சரிபண்ணட்டும். பொருள் என்னுது, கூலி ஆறாயிரம்."

"கீழ் வீட்டு வாடகை எவ்வளவு சார்?"

"ஏழரை. தையற்காரம்மா ஒண்ணு இருக்கு. பாவம், ஒழுகுதுன்னுகூட வாயைத் திறக்கல."

அவள் கணவனைப் பார்த்தாள். "வேணாங்க."

"வேற வீட்டுக்கு முன்பணம் எங்கேர்ந்து வரும்?" என்றான் அவன், அவள் முகத்தைப் பாராமல். அவள் தனியாகப் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் தையற்காரி கதவை அகலத் திறந்து, துணிமூட்டைகளை அவசரமாக ஒதுக்கி வழிவிட்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்க மகராசனா இருக்கணும் அண்ணே. ரெண்டு வருஷமா தச்ச துணியெல்லாம் பூஞ்சை வாடை. கேட்டா வாடகையை ஏத்திடுவாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அவரே ஆளை அனுப்பிட்டாரு பாருங்க! எத்தனை நாள்ல காயும்?"

"பத்து நாள்ல," என்றான் அவன்.