வாத்து காத்திருந்த வீடு

சுமைக்காரர் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து முதல் எழுத்து கீழே விழுந்தது, சாயங்காலம் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வாத்து நிகழ்ச்சியின்போது. அது 'அ'. செங்கல் அளவு இருந்தது, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. தரையில் சிமெண்டு கொஞ்சம் பெயர்ந்ததைத் தவிர வேறு சேதமில்லை. மறுநாள் 'ஆ' விழுந்தது. வால் இருந்ததால் சற்றுக் கூடுதல் கனம். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் பெட்டி பழசு, அதில் வாத்து மட்டும்தான் வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டு போனார்.

சுமைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. அவர் வேலை பார்த்த கிடங்கில் உரிமையாளர் தெரியாத சரக்கை யாரும் தொடமாட்டார்கள். ஓரமாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. மேஸ்திரி சரக்கைக் காட்டிக் கூப்பிடும்போது எவன் குரல் கொடுக்கிறானோ அவன் முதுகில்தான் மூட்டை ஏறும். அதன்பின் நனைந்தாலும் கிழிந்தாலும் அவன் பொறுப்பு. வாத்தும் அப்படித்தான் கூப்பிட்டது. ஓர் எழுத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டுவிட்டு, கழுத்தைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கும். ஊர்க் குழந்தைகளெல்லாம் அந்த இடைவெளியில் கத்திப் பதில் சொன்னார்கள். அந்த இடைவெளிதான் அவருக்கு உறுத்தியது. எழுத்தைச் சும்மா கொடுக்கிற வாத்து, பதிலை மட்டும் ஏன் காத்திருந்து வாங்குகிறது? ஆகவே விழுந்ததையெல்லாம் கனமானது அடியில் வருமாறு மூலையில் அடுக்கித் தார்ப்பாயால் மூடினார். தொடவும் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது என்று மகளிடம் சொல்லிவைத்தார்.

மகள் அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போக வேண்டியவள். மனைவி சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க சந்தேகத்துக்காக இவளும் உங்களை மாதிரி கைநாட்டு வைக்கணுமா?"

"என்ன ஏத்துறாங்கன்னு தெரியாம புள்ள முதுகைக் குடுக்க முடியாது" என்றார் அவர்.

'ஊ' வந்த அன்று வாத்து கேட்டுவிட்டு நகரவில்லை. எல்லார் வீட்டுப் பெட்டியிலும் கழுத்தைச் சாய்த்தபடி நின்றது. எந்த வீட்டில் பார்த்தாலும் அதன் கண் சுமைக்காரர் வீட்டுத் திசையிலேயே இருந்தது. அதற்குப் பின்னால் செய்தி வாசிக்கும் பெண் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டு தன் முறைக்காக நின்றாள். செய்தி நேரமும் கடந்தது. தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது.

"அண்ணே, உங்க மகளை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றார் தையல்காரம்மா. "நாளைக்கு மழை உண்டான்னு கேக்கணும். துணி நனைச்சு வெச்சிருக்கேன்."

மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கோத்திருந்தது. சுமைக்காரர் அந்த முகத்தைக் கிடங்கில் பலமுறை பார்த்திருக்கிறார். அளவுக்கு மீறிய பாரத்தை மூச்சடக்கித் தாங்குகிறவனின் முகம் அது. உடனே இறக்காவிட்டால் ஆள் சாய்ந்துவிடுவான். விழுந்த எழுத்து எல்லாவற்றையும் அவள் முன்பே எடுத்துக்கொண்டாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது வெறும் கூடு.

குனிந்து காதைக் கொடுத்தார். "என்கிட்ட மட்டும் சொல்லு. ஏறுனா என் முதுகுல ஏறட்டும்."

அவள் சொன்னாள். அவர் நிமிர்ந்து, வாத்தின் கண்ணைப் பார்த்து, "ஊ" என்றார். செய்தி அவசரத்தில் யாரும் சிரிக்கவில்லை. எழுத்து விழுந்தது, தரையில் அல்ல, அவர் முதுகில். மறுநாள் மழை உண்டென்று செய்தி வாசிக்கும் பெண் மூச்சு வாங்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு மகள் பள்ளிக்கூடம் போனாள், கடைப் பலகைகளை வாசித்தாள், பெரிய வகுப்புக்கும் போய்விட்டாள். சுமைக்காரர் மட்டும் தினமும் சாயங்காலம் பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்து முதல் பதிலைத் தானே சொல்கிறார். உரிமையாளர் வந்து கேட்டால் காட்டுவதற்காக எழுத்துக் கூடுகள் தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் அப்படியே இருக்கின்றன. வாத்துக்கும் அவர்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. அவர் சொன்னதும், அவர் தோளுக்கு மேலாக எட்டி மகளைப் பார்க்கிறது. அவள் தலையசைத்த பிறகுதான் அடுத்த எழுத்துக்குப் போகிறது.