முக்கால் அளவு

தர்மாம்பாள் நாற்காலிக் காலிலிருந்து பெல்ட்டை உருவிக்கொண்டிருந்தாள். பழைய தோல், துருப்பிடித்த கொக்கி, அவ்வளவு லேசில் கழன்று வரவில்லை. ஒரு கையால் நாற்காலியைச் சாய்த்து, மறு கையால் வெடுக்கென்று இழுத்து, தரையில் விரித்திருந்த வேட்டியின் மேல் எறிந்தாள். அங்கே தம்பியின் சட்டை, பேன்ட், மழைக்கோட்டு, செருப்பு எல்லாம் ஏற்கெனவே குவிந்து கிடந்தன. செத்தவர் துணி வீட்டில் தங்கக் கூடாது என்பது அவள் சட்டம். ஆண்கள் உடலை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கழுவிவிட்ட கூடத்தில் ஈரம் இன்னும் முழுதாகக் காயவில்லை.

"அண்ணி, அத மட்டும் விட்டுடுங்க" என்றாள் மல்லிகா. கணவரைக் கிடத்தியிருந்த இடத்தில் ஏற்றிய விளக்குக்குப் பக்கத்தில், ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எத?"

"பெல்ட்ட."

"ஏன், என் தம்பி இடுப்புல கட்டினதுதானே?"

"கட்டினதுதான். இப்ப செல்லோவுக்கு வேணும்."

நாத்தனார் நேற்றிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தாள். மூலையில் கறுப்பு உறைக்குள் மல்லிகாவின் தோள் உயரத்துக்கு நின்ற வாத்தியத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"கேட்டியா ஸ்ரீலக்ஷ்மி? உங்கப்பன் இன்னும் எரிஞ்சு முடியல, உங்கம்மாவுக்கு வாத்தியத்துக்கு பெல்ட் வேணுமாம். இந்தக் கருமத்துக்குக் கம்பி வாங்கத்தானே வேகாத வெயில்ல அவன கேம்ப் பஜாருக்குத் தொரத்தினா?"

"நான் தொரத்தல."

"பின்ன? சிஞ்ச்வட் ஸ்டேஷன் படியில விழுந்தப்ப கையில என்ன வச்சிருந்தான்? மருந்தா, காய்கறியா?"

ஸ்ரீலக்ஷ்மி ஈரக் கையோடு வந்து நின்றாள். விஷ்ராந்த்வாடியில் கட்டிக்கொடுத்த மகள். பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் அவளுக்குத் தட்டித் தட்டித்தான் வரும். "அத்தை, ஜானே தோ நா, விடுங்க. இப்போ அம்மாவ ஒண்ணும் பேச வேண்டாம், ப்ளீஸ்."

"நான் பேசக்கூடாதா? அவன ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்து தாபோடியில வேலைல சேத்துவிட்டதே நானும் உன் மாமாவும்தான். இப்ப நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்ல? பொண்டாட்டி பேரன் பேத்தி எடுக்குற வயசுல சங்கீதம் கத்துக்குறா, கம்பி வாங்கப் போனான், போய்ச் சேந்துட்டான்னா?"

மல்லிகா நேற்று மத்தியானத்திலிருந்து அழவே இல்லை. வந்தவர்கள் அதிர்ச்சி என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். அதிர்ச்சியும் இல்லை ஒன்றும் இல்லை. கோபம். வயிறு முழுக்கக் கோபம்.

கம்பிதான் வைத்திருந்தார், அது உண்மை. ரயில்வே போலீஸ்காரர் கொடுத்த பிளாஸ்டிக் பையில் கண்ணாடி, மொபைல், சாவிக்கொத்து, கூடவே அந்த அட்டை உறை. உறையின் மேல் 4/4 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முழு அளவு. அதைப் பார்த்த நிமிடத்தில் மல்லிகாவுக்கு வந்துகொண்டிருந்த அழுகை அப்படியே நின்றுபோனது.

கல்யாணசுந்தரத்துக்கு எதுவும் ஒரு சைஸ் பெரிதாக இருக்க வேண்டும். தாபோடிப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பை மயிரிழை பிசகாமல் கடையத் தெரிந்த மனிதர், கடைத்தெருவுக்கு வந்தால் மட்டும் கண்மண் தெரியாமல் பெரிதாக வாங்குவார். நாலு பேர் வீட்டுக்கு எட்டு லிட்டர் குக்கர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் முட்டிக்குக் கீழே தொங்கிய அரை டிராயர், பாவாடை. மல்லிகாவின் ஐந்தாம் நம்பர் காலுக்கு ஆறாம் நம்பர் செருப்பு. கேட்டால், "பெருசா இருந்தா பின்னால உதவும்" என்பார். கல்யாணமான பிறகு அவளுக்குக் கால் வளரும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. கல்யாணமான நாள் முதல் அவள் செருப்பை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். சொல்லாமல் இல்லை, சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவர் காதில்தான் ஏறவில்லை.

செல்லோ ஒன்றுதான் அவளாகத் தேர்ந்தெடுத்தது. பள்ளிக்கூட ஆபீஸ் வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்ற வருடம் மாடி வீட்டுக்கு ரீனா டீச்சர் குடிவந்தாள். சாயங்காலங்களில் அவள் வாசிப்பது ஜன்னல் வழியாக இறங்கி வரும். வயலின் மாதிரிக் கீச்சுக் குரல் இல்லை, அடித்தொண்டையில் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வது மாதிரி. ஒருநாள் மல்லிகா படியேறிப் போய்க் கதவைத் தட்டி, தனக்கு இது வருமா என்று கேட்டாள். ரீனா அவளை உட்காரவைத்து, கை விரல்களை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வரும், ஆனால் முக்கால் அளவு வாத்தியம்தான் சரி என்றாள். மல்லிகா ஐந்தடிகூட இல்லை.

"அது சின்னப் பசங்க சைஸ்" என்றார் கல்யாணசுந்தரம்.

"என் சைஸ்" என்றாள் மல்லிகா. அன்றைக்கு ஜெயித்தது அவள்.

அப்புறம் சாமான்கள் என்று ஆரம்பித்ததும் அவர் புகுந்துவிட்டார். வில்லுக்குத் தேய்க்கிற ரோசினில் மட்டும்தான் அவரால் பெரிய சைஸ் கண்டுபிடிக்க முடியவில்லை. செல்லோவின் அடியில் ஓர் இரும்பு முள் உண்டு, அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். வழவழப்பான டைல்ஸில் அது சறுக்கிக்கொண்டே போகும். தடுத்து நிறுத்த ஒரு பட்டை கடையில் விற்கிறது. அதை வளைத்துப் பார்த்து, "இதெல்லாம் ஒரு சாமானா?" என்று திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தன் பழைய பெல்ட்டை எடுத்தார். ஒரு முனையை நாற்காலிக் காலில் சுற்றிக் கொக்கியை மாட்டி, மறுமுனையில் முள் உட்கார ஆணியால் ஓட்டை குத்திக் கொடுத்தார். பார்க்கச் சகிக்காது. ஆனால் ஒரு நாளும் சறுக்கவில்லை.

கம்பியில்தான் சண்டை வெடித்தது. வாத்தியத்தோடு வந்த கம்பிகள் தகரத்தில் ஆணி கீறுவது போலக் கத்தின. மாற்றச் சொன்னாள் ரீனா. கல்யாணசுந்தரம் அவளைக் கேட்காமலே கேம்ப்புக்குப் போய் முழு அளவுக் கம்பி வாங்கி வந்தார். "வெல ஒண்ணுதான், நீளம் ஜாஸ்தி. மிச்சத்த வெட்டிக்கலாம்." உறையைப் பார்த்ததுமே ரீனா தலையில் கைவைத்தாள். வெட்டக் கூடாது, முக்கால் வாத்தியத்தில் மாட்டினால் இறுக்கம் வராது, குரல் செத்துப்போகும்.

"கம்பியும் என் செருப்பு மாதிரி தொளதொளன்னு இருக்கணுமா?" என்று மல்லிகா கத்தியது அக்கம்பக்கத்துக்கே கேட்டிருக்கும். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நான் சொல்றத காதுல வாங்குங்களேன்!" அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீ கேட்டார். உறை டிவி ஸ்டாண்டில் பிரிக்காமலே கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பிகளில் மெல்லியது பட்டென்று அறுந்தது. செல்லோவை உறையில் போட்டு மூலையில் நிறுத்தினாள். நேற்றுக் காலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டு "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். டிவி ஸ்டாண்டில் கிடந்த உறையையும் காணோம்.

அவ்வளவு தூரம் போய், கடைக்காரரோடு மல்லுக்கட்டி, பெரிய சைஸே சரி என்று வாதாடி, அதையே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். செத்தும் தன் பிடியை விடவில்லை. இனி யாரோடு சண்டை போடுவது? படமாக மாட்டிவிட்டால் அப்புறம் கத்தினாலும் கேட்காது. அதற்கு முன்னாலும்தான் கேட்டதில்லை!

அடுத்த வீட்டு சுஷ்மா, மூடிய பாத்திரத்தில் கடலைமாவு பிட்லாவும் சோள ரொட்டி பாக்ரியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மல்லிகாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். சாவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். யாரும் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

தர்மாம்பாள் மூட்டையின் நான்கு முனைகளையும் கூட்டிப் பிடித்தாள். "காரியத்துக்குள்ள அந்தப் பெட்டியயும் யாருக்காவது குடுத்தனுப்பிடு மல்லிகா. மஞ்சக் குங்குமம் போன பொம்பள வில்லு புடிச்சு வாசிச்சா நல்லாவா இருக்கும்?"

மல்லிகா வாயைத் திறக்கும் முன் மொபைல் அடித்தது. டிவி ஸ்டாண்டில், கண்ணாடிக்குப் பக்கத்தில், அவருடைய மொபைல். ஸ்ரீலக்ஷ்மி நிறுத்தப் போனாள். மல்லிகா எழுந்து அவள் கையைத் தள்ளிவிட்டு எடுத்தாள்.

"ஹலோ அங்கிள், இஸ்மாயில் போல் ரஹா ஹூன்."

கேம்ப்பில் இருக்கும் வாத்தியக் கடைக்காரர். மல்லிகா இந்தியில், அவர் இல்லை, நான் அவர் வீட்டுக்காரி, என்னிடம் சொல்லுங்கள் என்றாள்.

இஸ்மாயில் உற்சாகமாகச் சொன்னார். முக்கால் அளவுக் கம்பி மும்பையிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியது. நேற்று அங்கிள் மாற்ற வந்தபோது இருப்பில் இல்லை. பெரியதைக் கொடுத்துவிட்டுப் போங்கள், வந்ததும் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. பொருளுக்குப் பொருள்தான், அதுவரை இது என் கையிலேயே இருக்கட்டும் என்று எடுத்துப் போய்விட்டார். சொல்லிவிட்டு இஸ்மாயில் சிரித்தார்.

மல்லிகா மொபைலை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

வந்திருப்பதில் இரண்டு விதம் இருக்கிறது, ஒன்று கணீரென்று பேசும், ஒன்று மெத்தென்று பேசும் என்றார் இஸ்மாயில். எது வேண்டும் என்று நேற்றே கேட்டேன். நான் சொன்னால் தப்பாகப் போய்விடும், சரக்கு வந்ததும் போன் பண்ணு, வீட்டில் அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அங்கிளைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள் மேடம்.

அவளைக் கேட்டு. இத்தனை வருடத்தில் அந்த வார்த்தை யாரோ ஒரு கடைக்காரரிடம் போய் வந்திருக்கிறது. கோபம் இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது குபுக்கென்று இன்னும் மேலே ஏறியது. செருப்பை மாட்டும்போது கேட்டிருக்கலாமே! வாசலில் நின்று, எது வேணும் மல்லிகா என்று, ஒரு வார்த்தை! வெயிலில் போக வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். இல்லை, தானும் கூட வந்திருப்பாள்.

"மேடம்?"

"கணீர்னு பேசறது" என்றாள், தமிழிலேயே. பிறகு இந்தியில் திருப்பிச் சொன்னாள். முக்கால் அளவு. எடுத்து வையுங்கள், கொஞ்ச நாள் ஆகும். பழையதை நானே கொண்டு வருகிறேன். அங்கிளைப் பற்றி அவள் சொல்லவில்லை, இஸ்மாயிலும் கேட்கவில்லை.

"யாரு போன்ல?" என்றாள் தர்மாம்பாள்.

"கடக்காரரு. கம்பி வந்துடுச்சாம்."

"அடிப்பாவி! இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்." மல்லிகா மொபைலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்க தம்பிய நான் அனுப்பல அண்ணி. அவராப் போனாரு. எனக்கு மாத்திக் குடுக்கத்தான் போனாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போனாரு. அந்தக் கோவம் எனக்கு ஆறாது, அது எனக்கும் அவருக்கும் நடுவுல. நீங்க அதுல வராதீங்க. மஞ்சள், குங்குமம் எதுவேணா எடுத்துட்டுப் போங்க. அந்தப் பெட்டி இங்கதான் இருக்கும்."

தர்மாம்பாள் தம்பி மகளைப் பார்த்தாள். ஸ்ரீலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும் அத்தை" என்றாள், இந்த முறை தட்டாமல். தர்மாம்பாளின் கையிலிருந்து வேட்டியின் முனைகள் ஒவ்வொன்றாக நழுவின. மேலே கிடந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மடியில் வைத்து, எதற்கோ அதன் பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள்.

மல்லிகா குனிந்து பெல்ட்டை எடுத்தாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி, அதன் காலில் சுற்றி, அவர் எப்போதும் மாட்டுகிற ஓட்டையிலேயே கொக்கியை மாட்டினாள்.

கீழே வண்டி வந்து நின்றது. கொள்ளி வைக்கப் போன மகன் ஸ்ரீவத்சனின் குரல் மாடிப்படியில் கேட்டது. ஸ்ரீலக்ஷ்மி வாசலில் வாளித் தண்ணீர் வைக்க ஓடினாள்.

மல்லிகா வாசலுக்குப் போகவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து, ஆணியால் குத்திய முனையை இரண்டு கையாலும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். தாங்கியது. மறுபடியும் இழுத்தாள்.