காட்டெருமைக்கு மூன்று பெடல்

அந்தக் காருக்குக் கம்பெனி வைத்த பெயர் வேறு. அகலமான மூக்கு, பின் சக்கரத்துக்கு மேலே திமில் மாதிரி ஒரு புடைப்பு, சாவியைத் திருப்பினால் தெருக்கோடி வரை கேட்கிற உறுமல். இதையெல்லாம் பார்த்து யாரோ காட்டெருமை என்று கூப்பிடப்போக, அதுவே நிலைத்துவிட்டது. பேச்சில் அது இன்னும் தேய்ந்து வெறும் எருமை ஆயிற்று. "எருமையைக் குளிப்பாட்டிட்டு வந்துடறேன்", "எருமைக்குக் காலைலேர்ந்து இருமல்" என்று பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடச் சிரிக்காமல் பேசிக்கொள்வார்கள். தயாரிப்பை நிறுத்திப் பல வருஷமாகியும் அதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற கூட்டம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர்க்கடைக்காரரின் கிடங்கில் கூடுவார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, ஆளாளுக்கு அடுத்தவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக் குறை கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பெயர் சங்கம்.

சங்கத்தின் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பாதிப் பேருக்கு அவர்தான் கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தார் என்பதால் தேர்தலில் யாரும் எதிர்த்து நிற்கவில்லை. சாதுவான மனிதர். ஆனால் எருமை விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பமாட்டார். கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி. அதன் ஸ்டீயரிங்கை மனைவியைத் தொட விட்டதில்லை. அந்த அம்மாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். தனக்கென்று ஒரு சின்ன காரை வைத்துக்கொண்டு காலமெல்லாம் அதில் வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டியவர். "உன் டப்பா வேற, இது வேற" என்பார் தலைவர். "இதுல ரெண்டாவது கியர் பிடிவாதக்காரன். என் கைக்குத்தான் மசிவான்."

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கம்பெனி எருமையைப் புது உருவத்தில் மறுபடி கொண்டுவரப் போகிறதாம்.

சங்கம் தலைகால் புரியாமல் ஆடியது. பின் விளக்கு பழையபடி வட்டமாக இருந்தே ஆகவேண்டும் என்றார் பெயிண்டர். விளக்கு எப்படி இருந்தால் என்ன, உறுமல் குறைந்தால் கம்பெனி வாசலில் படுத்துவிடுவேன் என்றார் பல் டாக்டர். டயர்க்கடைக்காரருக்குப் பின் டயர் அகலமாக இருக்கவேண்டும். அதில் அவருக்கு வியாபாரமும் இருந்தது. ஒருவர் கேட்டது இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை. வாய்ச்சண்டை முற்றி, பெயிண்டரும் பல் டாக்டரும் ஒரு கூட்டம் முழுக்க முகம் பார்த்துப் பேசவில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் எல்லோரும் ஒரு குரலாக நின்றார்கள். அது கிளட்ச். இந்தக் காலத்து வண்டிகளில் கியர் தானாக மாறிக்கொள்கிறது. கீழே இரண்டு பெடல், இடது காலுக்கு வேலையே இல்லை. "காலை ஆட்டாம நின்னுக்கிட்டே போறதுக்கு லிஃப்ட் இருக்கே, அதுல போயிட்டு வரட்டும்" என்றார் பல் டாக்டர். கை கியரைப் போட, கால் கிளட்சை மிதிக்க, அப்படி ஓட்டினால்தான் எருமை. "மூணு பெடல் இல்லேன்னா அது எருமையே இல்ல" என்று தலைவர் சொன்னதைப் பெயிண்டர் சட்டையில் அச்சடித்தே கொண்டுவந்துவிட்டார். தலைவருக்கு மட்டும் இரண்டு சட்டை.

அந்தச் சட்டையைப் போடும்போதெல்லாம் தலைவருக்கு நெஞ்சில் முள் குத்தியது. காரணம், அவரால் கிளட்சை மிதிக்க முடியாது.

முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கி ஆபரேஷன் ஆகியிருந்தது. முதுகு சரியாகிவிட்டது, இடது பாதம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நடந்துவிடுவார், லேசாக இழுக்கும். யாராவது கேட்டால் "ஷூ கடிக்குது" என்பார். ஆனால் எருமையின் கிளட்ச் கல் மாதிரி. அதை அழுத்திப் பிடித்து, பிறகு மெல்ல விடுகிற வித்தை அந்தக் காலுக்கு இனி வராது என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கார் ஷெட்டில் நின்று தலைவர் அழுதார். கடையை மகனிடம் கொடுத்தபோதுகூட அவர் அழவில்லை.

அப்புறம் மனைவிதான் வழி சொன்னார். "நான் ஸ்டீயரிங்கையும் பெடலையும் பாத்துக்கறேன். நீங்க பக்கத்துல உக்காந்து கியரைப் போடுங்க. உங்க கைக்குத்தானே மசியும்?"

அப்படியே ஆயிற்று. கிளட்சை முழுசாக மிதித்ததும் அந்த அம்மாள் "ம்" என்பார். தலைவர் நடுவிலிருக்கும் கியரைத் தள்ளுவார். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். முதல் நாள் தெருமுனைக்குள்ளாகவே மூன்று முறை அணைந்துபோனது. "கொஞ்சம் முன்னாடியே சொல்லேன்" என்று இவர் கத்த, "கேட்டுட்டுக் கை வைங்க" என்று அவர் கத்த, எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். போகப் போகப் பழகிவிட்டது. "ம்" என்ற ஒலி பாதி வரும்போதே கியர் விழுந்துவிடும்.

சங்கத்துக்கு இது தெரியக்கூடாது என்பதில் தலைவர் உறுதியாக இருந்தார். கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விடுவார். எல்லோரும் போன பிறகுதான் கிளம்புவார். எல்லாரும் சேர்ந்து ஊர்வலமாகப் போகும் நாட்களில் கடைசி வண்டியாக வருவார். முன்னால் போகிற உரிமையை விட்டுக்கொடுக்கிற பெருந்தன்மை என்று சங்கம் அதை மெச்சியது. மெச்சும்போது அவருக்குக் கூசும்.

உள்ளுக்குள் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். புது எருமை இரண்டு பெடலோடு வரவேண்டும். வந்தால் இருக்கிற பணத்தைப் புரட்டி அதை வாங்கி, விடியற்காலையில், யாருடைய "ம்"முக்கும் காத்திராமல், தன்னந்தனியாக ஒருமுறை புறவழிச்சாலையில் போய் வரவேண்டும். சட்டையில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. தன்னைப்போல ஒரு துரோகி உலகத்தில் கிடையாது என்று நினைத்துக்கொள்வார்; ஆசை மட்டும் குறையவில்லை.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வண்டியை வரைகிற பிரிவைச் சேர்ந்தவள். பழைய எருமை வைத்திருப்பவர்களிடம் பேசிக் கருத்துக் கேட்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். கூட்டமாகக் கேட்டால் ஒருவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள் என்று, ஒவ்வொரு வண்டிக்காரரையும் தனியாகக் கூப்பிட்டாள். வழக்கமாகப் பக்கத்து சீட்டில் வருகிறவரும் கூட வரவேண்டும் என்றாள். டயர்க்கிடங்கின் பின்னறையில் மேஜை போட்டிருந்தது. ரப்பர் வாடை, சுவரோரம் காற்றடிக்கிற மெஷின், உட்கார்ந்தால் வளைகிற பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"தலைவரே, உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்றார் பெயிண்டர், அவர் மனைவியோடு உள்ளே போகும்போது. "மூணு பெடல்! அதுல மட்டும் பிடி கொடுத்துடாதீங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றார் தலைவர். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே அந்தப் பெண் விளக்கு, உறுமல், உட்காரும் உயரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தலைவர் நன்றாகவே பதில் சொன்னார். கடைசியில் அவள் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள். "கிளட்ச் வச்சும் வைக்காமலும் ரெண்டு விதமா செய்ய முடியாது சார், செலவு கட்டுப்படியாகாது. ஒண்ணுதான். வெளில நீங்கல்லாம் போட்டிருக்கற சட்டையைப் பாத்தேன். இருந்தாலும் கேக்கறேன். நீங்க சொல்றது இந்த அறையைத் தாண்டாது."

தலைவர் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கிளட்ச் வேண்டாம்மா."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. காலைப் பற்றிச் சொன்னார். ஷூ கடிக்கிற பொய்யைச் சொன்னார். "ம்" கதையைச் சொன்னார். "வாழ்க்கைல வேற எதுக்கும் நான் இப்படி ஏங்கினதில்ல. ஒரே ஒரு தடவை தனியா ஓட்டணும். அவ்வளவுதான். வெளில இருக்கறவங்க என்னை மன்னிக்கமாட்டாங்க. பரவாயில்ல" என்றார்.

அந்தப் பெண் மறுபடி பேனாவைக் கையில் எடுத்தாள். பிறகு அந்த அம்மாளின் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னம்மா சொல்றீங்க? உங்களுக்கும் சிரமம் குறையுமே."

"எனக்கு கிளட்ச் வேணும்" என்றார் அவர்.

தலைவர் நாற்காலியோடு திரும்பினார்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க? உங்களைக் கேட்டப்ப நீங்க சொன்னீங்கல்ல, என்னைக் கேட்டா நான் சொல்றேன்." கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். "கல்யாணமான நாள்லேர்ந்து அந்த வண்டிய நான் பக்கத்து சீட்லேர்ந்து பாத்துட்டிருக்கேன். ஒருநாள் ஓட்டிப்பாக்கவான்னு கேட்டதுக்கு, உனக்கெதுக்குன்னார். சாதாரணமாத்தான் சொன்னார், மறந்தும் போயிட்டார். நான் அப்புறம் கேக்கல. இவர் கால் போனதுக்கு நானும் எவ்வளவோ அழுதிருக்கேன்மா. ஆனா கால் போனதாலதான் அந்த ஸ்டீயரிங் என் கைக்கு வந்துச்சு. மேட்டுல அது இழுக்கறப்ப முதுகுல ஒரு உதை விழுமே, அதுக்காக மனுஷங்க ஏன் பைத்தியமா திரியறாங்கன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. ரெண்டு பெடல் வண்டி வந்தா இவர் ஓட்டுவார். நான் மறுபடி பக்கத்து சீட்டு. வேண்டாம்."

"நீ சொல்லவே இல்லையே" என்றார் தலைவர்.

"நீங்க கேக்கவே இல்லையே."

"கியர் நான்தானே போடறேன்? தனியா உன்னால..."

அந்த அம்மாள் முதல்முறையாகத் தயங்கினார். "அதுவும் போடுவேன். உங்களை பிசியோதெரபிக்கு உள்ள அனுப்பிட்டு நான் வாசல்ல உக்காந்து புஸ்தகம் படிக்கறேன்னு நினைச்சுட்டிருக்கீங்க. புறவழிச்சாலை வரைக்கும் போயிட்டு வந்துடுவேன். ரெண்டாவது கியர் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்லங்க. நீங்க அவசரப்பட்டு இழுக்கறீங்க."

தலைவருக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பிசியோதெரபி முடிந்து வெளியே வரும்போதெல்லாம் பானெட் சுட்டது; வெயிலில் நின்ற சூடு என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நாளாக இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. தான் மாற்றிய ஆயிலின் மகிமை என்று பெயிண்டரிடம் பீற்றிக்கொண்டார். எருமையில் ஒரு திருகாணி தளர்ந்தாலும் காதால் கண்டுபிடிக்கிறவர், இதைக் கோட்டைவிட்டிருக்கிறார்.

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் 'ம்' சொல்ற?"

"உங்க கை சும்மா இருந்தா உங்க மூஞ்சி போற போக்கை நான்தானே பாக்கணும்" என்றார் அவர். கோபமாகச் சொல்ல நினைத்தார், கண் கலங்கிவிட்டது.

தலைவருக்கு வெட்கமாக இருந்தது. கால் மரத்துப்போனபோது பட்டதைவிடப் பெரிய வெட்கம். புறவழிச்சாலையில் தனியாகப் போய்வரும் கனவைத் தான் மட்டும் காண்பதாக நினைத்திருந்தார். அதே சாலையில் அவள் அடிக்கடி போய் வந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாசலில் காத்திருந்திருக்கிறாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அவளைப் பார்த்தால் சங்கத்தில் சேர வந்த புது ஆள் மாதிரி இருந்தது.

"நான் எதை எழுதிக்க சார்?" என்றாள் அந்தப் பெண்.

"ஒரே வண்டி, ரெண்டு ஓட்டுன்னு எழுதிக்கோம்மா" என்றார் தலைவர். "என் ஓட்டை நான் மாத்தல. ஆசை ஆசைதான். ஆனா அவ சொன்னதை முதல்ல எழுது."

வெளியே வந்ததும் சங்கம் மொய்த்துக்கொண்டது. "சொல்லிட்டீங்களா? என்ன சொன்னீங்க?" என்றார் பல் டாக்டர். "கிளட்ச் வேணும்னு அடிச்சுப் பேசியாச்சு" என்றார் தலைவர், "என் வீட்டுக்காரி பேசினா." எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மாளுக்கு ஒரு சட்டை கொடுக்கவேண்டும் என்று பெயிண்டர் வண்டிக்கு ஓடினார். தலைவர் தன்னிடமிருந்த இரண்டாவது சட்டையைப் பையிலிருந்து எடுத்து மனைவியிடம் நீட்டினார். "இது உனக்குத்தான் பொருத்தம்."

வழக்கமாக எல்லோரும் கிளம்பட்டும் என்று காத்திருப்பவர், அன்றைக்குக் காத்திருக்கவில்லை. சாவியை எல்லோருக்கும் முன்னால் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு, மறைக்காமல் இழுத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பெயிண்டர் கையில் சட்டையோடு அப்படியே நின்றார். "என்ன தலைவரே, ஷூ ரொம்பக் கடிக்குதா?" என்று டயர்க்கடைக்காரர் கேட்டார்.

"ஷூ இல்லப்பா, காலே போச்சு" என்றார் தலைவர் ஜன்னல் வழியாக. "அடுத்த கூட்டத்துல சொல்றேன். இப்ப வண்டி கிளம்புது, நகருங்க."

அந்த அம்மாள் சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டு சாவியைத் திருப்பினார். எருமை உறுமியது. கிளட்சை மிதித்தார்.

"ம்" என்றார்.

தலைவரின் கை பழக்கத்தில் கியருக்குப் போனது. அதன் உருண்டைத் தலைமேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீயே போடு" என்றார். "புறவழிச்சாலை பக்கமா சுத்திட்டுப் போலாம். நீ எப்படி ஓட்டறன்னு நானும் பாக்கறேன்."