வலைக்குப் பூஜை

ஆயுத பூஜை அன்று காலை கால்வாய் வெறுமையாக வந்தது. ஒரு பிளாஸ்டிக் கவர்கூட இல்லை. கறுப்புத் தண்ணீரின் மேல் சாமந்திப் பூக்கள் மட்டும், தூக்கத்தில் நடப்பவை போல, மெதுவாக மிதந்து வந்தன.

பார்கவி கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தாள். குறுக்கே கட்டிய மிதவை வலையில் சேரும் பிளாஸ்டிக்கைக் கழுவி, உருக்கி, பலகையாக்கி விற்றுத்தான் அவளும் தெருப் பெண்களும் பட்டறை நடத்தினார்கள். வலை தடுக்காததெல்லாம் ஏரி வழியாகத் தென்பெண்ணை ஆற்றுக்குப் போய்விடும். இரண்டாவது வலைக்குப் பணம் தருவதா என்று பார்க்க, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றிலிருந்து ஸ்ரீவித்யா இன்று வருகிறாள். ஒரு வலையில் சேர்வது கட்டுப்படியாகவில்லை; பணம் வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"முத்தம்மாக்கா, குப்பை எங்க?"

வலைக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த முத்தம்மா நிமிர்ந்தாள். "மேல் தெருவுல சொல்லிட்டு வந்தேன். நம்ம வலைக்குப் பூஜை, இவத்து, இன்னிக்கு ஒரு நாள் யாரும் போடாதீங்கன்னு. பூஜை பண்றது மேல குப்பை விழலாமா?"

"இன்னிக்குத்தானேக்கா அந்த மேடம் வராங்க."

"வரட்டுமே. சுண்டல் இருக்கு."

ஸ்ரீவித்யா வந்து வெகுநேரம் பார்த்தாள். வலையில் தங்கிய பூக்கள் கரையிலிருந்து கரைவரை மஞ்சள் கோடு போட்டிருந்தன.

"அழகா இருக்கு. பிளாஸ்டிக் எங்கே?"

பள்ளி வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்காதவள் பார்கவி. தண்ணீரையே பார்த்தாள். இங்கே வராதது வேறெங்கோ இருந்துதானே ஆக வேண்டும்?

"வாங்க மேடம், காட்டறேன்."

மேல் தெருவில் வாசலுக்கு வாசல் பைகள் தொங்கின. மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில், பால் கவரும் பாட்டிலுமாக, சேறு படாமல். வெயில் அவற்றுக்குள் புகுந்து, தெரு முழுக்க விளக்கேற்றியது போலிருந்தது.

ஒரு வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். "பூஜை முடிஞ்சுதாம்மா? கால்வாயில போட்டுடலாமா?"

"வேணாங்க. எங்க கையிலயே குடுத்துடுங்க."

சொன்னது தன் குரல்தானா என்று பார்கவிக்கே சந்தேகம். அதே குரலில் தொடர்ந்தாள். "மேடம், எங்களுக்கு இன்னொரு வலை வேணாம். ஒரு தள்ளுவண்டி வாங்கிக் குடுங்க. தினம் வாசல்லயே வாங்கிக்கிறோம்."

"ஆபீஸ்ல வலைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்." ஸ்ரீவித்யா ஒரு பையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. "மாத்திச் சொல்லிக்கிறேன். வண்டிக்கு மணி வேணுமா?"

"வேணும்."

திரும்பி வந்தபோது தண்ணீரில் கொஞ்சம் வானம் தெரிந்தது. முத்தம்மா சுண்டலை நீட்டினாள்.

"என்ன பாப்பா, குப்பை கெடச்சுதா?"

"கெடச்சுதுக்கா."