சாமிக்குக் காட்டிய எழுத்து

என் அண்ணன் மகள் ஜெயசித்ரா தென்காசி ரதவீதியில் பிளெக்ஸ் டிசைன் கடை வைத்திருக்கிறாள். பிறந்தநாள், கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரே அவள் கையில்தான் சிரிக்கும், அழும். அந்த வேலைக்கு நடுவே தமிழுக்குப் புது எழுத்துரு ஒன்றைக் கம்ப்யூட்டரில் வரைந்தாள். செங்கோட்டைக் கணவாய்க் காற்று பட்டது போல எல்லா எழுத்தும் ஒரு பக்கமாகச் சாயும். ‘ழ’வின் வாலை மட்டும் எட்டுக் கோடி தடவை வளைத்திருப்பாள், குறைத்துத்தான் சொல்கிறேன். அவளுக்கு ஒரே ஆசை: எங்கே பார்த்தாலும் அதை ‘ஜெயசித்ரா எழுத்து’ என்று நாலு பேர் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் முதல் வாழைத்தார் சுடலைமாடனுக்குத்தான். எழுத்துக்கும் அவள் அதையே செய்தாள். விற்பனைக்கு விடும் முன்னால் அத்தனை எழுத்தையும் பனை உயர பிளெக்ஸில் அடித்து, அச்சன்புதூர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவன்று வாசலில் கட்டினாள்.

எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்து இசக்கியப்பன் அண்ணாந்து பார்த்தார். “ஏட்டி, போட்டோவக் காணுமே. யாரு செத்தது?”

“யாரும் சாகல அண்ணாச்சி. இது என் எழுத்து.”

“ஆனா ஆவன்னா உனக்கு மட்டுமா சொந்தம்? எல்லாருக்கும் உள்ளதுல்லா!”

கூட்டம் சிரித்தது, படமும் எடுத்தது. அன்றைக்கு செல்போன் இல்லாத கை சாமிக்கு மட்டும்தான்.

அடுத்த சீசனில் குற்றாலம் போனோம். பாதி இந்தியா அருவிக்கு வரிசையில் நின்றது; மீதிப் பாதி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது. ‘வாழைக்காய் சிப்ஸ்’ என்ற பலகையைப் பார்த்து ஜெயசித்ரா நின்றுவிட்டாள்.

“சித்தப்பா, இது என் எழுத்து.”

“சென்னைக் கம்பெனி எழுத்தும்மா. முறையா வாங்கித்தான் போட்டிருக்கோம்” என்றார் கடைக்காரர்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கே பேசியவர் தேனாக ஒழுகினார். கோயில் வாசல் படம் ஒன்று இணையத்தில் சுற்றியதாம், அதைப் பார்த்து அவர்களே புதிதாக வரைந்தார்களாம், அவளுடைய ஃபைலைத் தொடவே இல்லையாம்.

கோர்ட்டுக்கு, வக்கீல் ஸ்ரீரஞ்சனியிடம் போனோம்.

“ஃபைலைத் திருடியிருந்தா கேஸ் போடலாம். அது புரோகிராம், அதுக்கு காப்பிரைட் உண்டு. வெறும் எழுத்தோட வடிவத்துக்குன்னா நிக்காதும்மா.”

“அப்ப வடிவத்துக்கு வேற வழியே கிடையாதா மேடம்?”

“டிசைன்னு பதிவு பண்ணப் பாத்திருக்கலாம். ஆனா ஊர் கண்ல படறதுக்கு முன்னாடி.”

“சாமிக்குத்தான காட்டுனேன்!”

“சாமி கூட்டத்தோடல்லா இருந்தாரு” என்றேன் நான். இரண்டு பேரும் முறைத்த முறைப்பில் கோர்ட்டு வாசல் வேப்பமரமே பட்டுப்போயிருக்கும்.

அப்புறம் அவள் தன் எழுத்துருவை ஒரு விற்பனைத் தளத்தில் ஏற்றிப் பார்த்தாள். சென்னைக் கம்பெனியினுடையதைப் போலவே இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் ஜவுளிக்கடை சுபாஷ் வந்தான். “அக்கா, குற்றாலத்துல ஒரு சாஞ்ச எழுத்து பாத்தேன், ஏதோ சென்னைக் கம்பெனியுதாம். அதுல நம்ம கடைக்கு ஒரு போர்டு போடணும்.”

அவள் தன் ஃபைலைத் திறந்தாள். சுபாஷ் திரையில் ஃபைலின் பெயரை உற்றுப் பார்த்தான்.

“இது அந்தக் கம்பெனியுது இல்லியேக்கா. டூப்ளிகேட்டு வேண்டாம், பொறவு கேஸு கீஸுன்னு வந்துரும். ஒரிஜினலே வாங்கிப் போடுங்க.”

“ஏலே, ஒரிஜினலே இவதாம்லே!” என்றேன்.

“சும்மா இருங்க அண்ணாச்சி. நீங்க ஐந்தருவியையே நான்தான் தொறந்துவிட்டேன்னு சொல்லுத ஆளு.”

ஜெயசித்ரா கம்பெனியின் பக்கத்தைத் திறந்து எழுத்துருவுக்குப் பணம் கட்டினாள். இந்த ஃபைலை நகலெடுப்பது சட்டப்படி குற்றம் என்று நீளமாக வந்தது. ‘சம்மதம்’ என்பதை அழுத்தினாள். கடைப் பெயர் திரையில் சாய்ந்து நின்றது.

“அருமையா இருக்கு. யாருக்கா வரஞ்சது?”

அவள் கம்பெனியின் பெயரைச் சொன்னாள்.