ஆறரை மணி போட்டோ

"கோபப்படாத டெனிஸ், லீவுக்கு வந்திருக்கோம்." அந்தக் கப்பல்ல என் புருஷன் கர்ட் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பான்னு எனக்கே தெரியாது. லீவாம் லீவு. ஒன்பது வயசு ஆட்டிசப் பிள்ளையை வச்சிருக்கிறவளுக்கு லீவுன்னா என்ன தெரியுமா? வீட்டுல பார்க்கிற அதே வேலையை, மூவாயிரம் பேர் வேடிக்கை பார்க்க, நடுக்கடல்ல பார்க்கிறது.

ஆனாலும் வரேன்னு ஒத்துக்கிட்டது நான்தான். மாமனார் மாமியாருக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். எங்க ஊர் டொலீடோவுல இருந்து நோவாக் குடும்பம் மொத்தம் பதினோரு பேர் ஃப்ளோரிடாவுக்குப் போய்க் கப்பலேறி, ஏழு நாள் கரீபியன் தீவுகளைச் சுத்தறதா ஏற்பாடு. ஏற்பாடு எல்லாம் கர்ட்டோட அக்கா லோர்னா. எங்க குடும்பத்து நாட்டாமை அவதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி பனியன், எல்லார் அறைக் கதவுலயும் ஒரே மாதிரி காந்த பொம்மை, என்னைக்கு எங்க சாப்பாடு, யார் பக்கத்துல யார் உட்காரணும், எல்லாம் அவ போட்ட திட்டம். அதுல முக்கியமானது வியாழக்கிழமை. அன்னைக்கு எல்லாரும் கோட்டும் கவுனும் போட்டுக்கிட்டு சாப்பிடப் போவாங்க. அதுக்கு முன்னாடி சாயங்காலம் ஆறரைக்கு, கப்பல் நடுவுல இருக்கிற பெரிய மாடிப்படியில குடும்பப் போட்டோ. அதைப் பெரிசாக்கி மாமனார் வீட்டுக் கூடத்துல மாட்டப் போறாங்க.

அந்தப் போட்டோவுல என் பொண்ணு மார்னி இருக்கணும். அந்தப் பயணத்துல எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். அந்தக் கூடத்துச் சுவர்ல மத்த பேரப் பிள்ளைங்க எல்லாம் வருஷத்துக்கு ஒரு படமா வளர்ந்துக்கிட்டே போறாங்க. என் பொண்ணு மட்டும் ஆஸ்பத்திரித் துணிக்குள்ள சுருண்டு கிடக்கிற கைக்குழந்தையாவே நிக்கிறா. அதுக்கப்புறம் அவ உயிரோடவே இல்லைங்கிற மாதிரி.

மூணு வாரம் பழக்கினேன். அட்டை அட்டையா படம் வரைஞ்சேன். கவுன், மாடிப்படி, அப்பா, தாத்தா, பாட்டி, கேமரா, மூணு வெளிச்சம், கடைசியில உருளைக்கிழங்கு வறுவல். கவுனோட லேபிளை வெட்டி, குத்துற தையலைப் பிரிச்சு, அஞ்சு தடவை துவைச்சு மெத்துன்னு ஆக்கினேன். தினமும் ஆறரைக்கு எங்க வீட்டுப் படியில அவளை நிக்க வச்சு, போன்ல வெளிச்சம் அடிச்சேன். முதல் நாள் என் கையைக் கடிச்சு வச்சுட்டா. பதினாறாவது நாள், நான் கூப்பிடாமலே போய்ப் படியில நின்னு, "வியாழக்கிழமை. ஆறரை. மூணு போட்டோ"ன்னா. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். கர்ட்டுக்கு இதெல்லாம் தெரியும். தாத்தா மாதிரி பக்கத்துல நின்னு நடிச்சவனே அவன்தான்.

கப்பல்ல செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துல யாரோ ஒரு தட்டு அடுக்கைக் கீழ போட்டாங்க. மார்னி காதைப் பொத்திக்கிட்டு வீல்னு கத்தினா. ரெண்டு நிமிஷம்தான். லோர்னாவுக்கு முகமே செத்துப் போச்சு.

"எல்லாரும் நம்ம மேஜையையே பார்க்கிறாங்க டெனிஸ்."

"பார்த்தா பார்க்கட்டும். கண்ணு அவங்களோடது."

"நான் உனக்காகத்தான் சொல்றேன். பாவம், உனக்கும் ஒரு ஓய்வு வேண்டாமா?"

கர்ட் என் கையைப் பிடிச்சு அழுத்தினான். சரின்னு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

வியாழக்கிழமை அஞ்சு மணிக்கே கர்ட் கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். "அப்பாகூட ஒரு பீர் குடிச்சுட்டு நேரா படிக்கு வந்துடறேன். நீ மார்னியை நிதானமா கிளப்பு"ன்னான். நானும் நம்பினேன். பன்னிரண்டு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணவன் சொன்னா நம்பாம?

ஆறு இருபத்தெட்டுக்குப் படிக்கு வந்தோம். எங்க ஆள் ஒருத்தரும் இல்ல. மார்னி நேரா மூணாவது படியில ஏறி நின்னா. காதுல போட்டிருந்த ஹெட்போனை அவளே கழட்டி என்கிட்ட கொடுத்தா. நான் கர்ட்டுக்கு மெசேஜ் போட்டேன், பதில் இல்ல. ஆறரை ஆச்சு, ஆறு நாப்பது ஆச்சு. எங்களுக்குப் பின்னாடி போட்டோவுக்கு வரிசையில நின்னவங்க தொண்டையைக் கனைக்க ஆரம்பிச்சாங்க. மார்னி தொடையில தட்டிக்கிட்டே, "ஆறரை. ஆறரை"ன்னு முணுமுணுத்தா. இன்னும் அஞ்சு நிமிஷம் போனா அழுதுடுவான்னு எனக்குத் தெரியும். போட்டோ எடுக்கிற அம்மா, என் வயசு இருக்கும், பிலிப்பைன்ஸ்காரி, லிகாயான்னு சட்டையில பேர். "எடுத்துடுங்க"ன்னு அவகிட்ட சொல்லிட்டு நான் மார்னி பக்கத்துல நின்னேன்.

மூணு வெளிச்சம். என் பொண்ணு கண்ணைக்கூட மூடல. மூணாவதுக்கு லேசா சிரிச்சா.

லிகாயா என் அறைச் சாவி அட்டையை வாங்கி மெஷின்ல தேய்ச்சா. "நோவாக்கா? உங்க அறைக் கணக்குல ஏற்கெனவே ஒரு படம் ஏறியிருக்கே, அஞ்சு பத்துக்கு எடுத்தது. ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம், பாருங்க"ன்னு திரையை என் பக்கம் திருப்பினா.

ஒன்பது பேர். அதே படி. நடுவுல மாமனாரும் மாமியாரும். ஓரத்துல லோர்னா பையன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய, என் புருஷன்.

லிகாயா என் முகத்தைப் பார்த்தா, அப்புறம் மார்னியைப் பார்த்தா. சட்டுன்னு திரையைத் திருப்பிக்கிட்டா. நான் மார்னி கையைப் பிடிச்சுக்கிட்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தேன்.

சாப்பாட்டு மேஜையில எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. மார்னிக்கு முதல்ல வறுவல் வாங்கிக் கொடுத்தேன், சொன்ன சொல் காப்பாத்தணும் இல்ல, இந்தக் குடும்பத்துல யாராவது ஒருத்தராவது. அப்புறம் நின்னுக்கிட்டே கேட்டேன்.

"அஞ்சு பத்துக்கு என்ன போட்டோ எடுத்தீங்க?"

லோர்னா நாப்கினை மடிச்சா. "உனக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான். அம்மா அப்பாவுக்கு ஐம்பது வருஷத்துக்கு ஒரு நாள். நடுவுல அவ கத்திட்டா என்ன பண்றது?"

"கத்தல. படியில நின்னு மூணு போட்டோ எடுத்துக்கிட்டா. வராதது நீங்கதான்."

மாமனார் முள்கரண்டியைக் கீழ வச்சார். "மார்னிக்கு உடம்பு சரியில்லன்னுல்ல சொன்னாங்க?"

"யாரு சொன்னது?"

லோர்னா மறுபடி நாப்கினை எடுத்து மடிச்சா. கர்ட், மேஜை விரிப்பைப் பார்த்துக்கிட்டே, "அவளைத் தனியா ஒண்ணு எடுத்து அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கலாம்னு அக்கா சொன்னா"ன்னான்.

"ஒட்டறதுக்கு உன் பொண்ணு என்ன தபால்தலையா?"

அடுத்த மேஜைக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க. கோபப்படாதன்னு இந்தத் தடவை யாரும் சொல்லல.

மாமனார் நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தார். "எல்லாரும் வாங்க. மறுபடி எடுப்போம், பதினோரு பேரும்"னார். கர்ட் மார்னி பக்கத்துல முட்டி போட்டான்.

"வா கண்ணு, அப்பாகூட போட்டோ."

"மூணு போட்டோ. முடிஞ்சுது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"அப்பா வரல. முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டு அவ அடுத்த வறுவலை எடுத்தா.

கர்ட் என்னை அண்ணாந்து பார்த்தான். கண்ணு கலங்கியிருந்தது. "நீ சொன்னா கேட்பா டெனிஸ். தயவுசெஞ்சு சொல்லு."

கேட்பாதான். என் பைக்குள்ள அட்டையும் பென்சிலும் இருந்தது. நாலாவது வெளிச்சம்னு ஒரு படம் வரைஞ்சு காட்டினா பத்து நிமிஷத்துல எழுந்து வந்துடுவா. மாமியார் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க, அவங்களை நினைச்சா பாவமாத்தான் இருந்தது. அந்தப் பையை எடுத்து நாற்காலிக்கு அடியில தள்ளினேன்.

"மாட்டேன்"னேன். "அந்த ஒன்பது பேர் படத்தையே கூடத்துல மாட்டுங்க. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் பார்த்துட்டு, 'கர்ட், உன் பொண்ணு எங்கப்பா?'ன்னு கேட்பாங்க. நீ பதில் சொல்லு. கேட்கிற ஒவ்வொருத்தருக்கும், உன் வாயாலயே சொல்லு."