ஜெயம்மா வீட்டு ஈக்கள்

பேராசிரியர் ஜீவராணி ஓப்பநாயக்கவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது துஷ்யந்தி விரித்த குடையோடு நின்றாள். மழை இல்லை, வெயிலும் இல்லை.

"குடை எதுக்குடி?"

"மிஸ் வர்றப்ப குடை புடிக்கலன்னா அம்மா ஏசும் மிஸ்."

"ஒங்கம்மாவுக்குப் பயந்தவளா நீ? லெப்ல எனக்கே பயப்பட மாட்டியே."

ஓட்டோவில் தோட்டத்துக்கு ஏறும் வழியெல்லாம் துஷ்யந்தி பேசிக்கொண்டே வந்தாள். அடுத்த வாரம் கொழும்பில் ஆய்வு மாநாடு. இறுதியாண்டு மாணவி அவள் மேடையேறிப் பேசப் போகிறாள். ஆய்வுக்காக அவள் ஈ பிடித்த தேயிலை மலையைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். அவளே போனில் எடுத்து அனுப்பியிருக்கலாம்தான். ஜீவராணிதான் நேரில் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டாள். வருட முடிவில் அவளுக்கு ஓய்வு. அதற்குள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை.

ஜீவராணியும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான். ருவான்வெல்லைப் பக்கம், ரப்பர்த் தோட்டம். கெம்பஸ் முடித்து, பூச்சிகளின் பரம்பரைக் குணத்தைப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். "ஈ ஓட்டுறதுக்கா இம்புட்டுப் படிப்பு? நம்ம ரொட்டிக் கடையில வந்து ஒக்காரு, வேணுங்குற மட்டும் ஓட்டலாம்." அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு ஈயிடமே போனாள்.

அவளுடைய ஈ, சோற்றில் வந்து உட்காரும் ஈ இல்லை. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி எள்ளுப் போலப் பறக்குமே, அந்தச் சின்ன ஈ. முட்டையாகி, புழுவாகி, ஈயாகி மறுபடி முட்டையிட இரண்டு வாரம்கூட ஆகாது. ஒரு கல்வித் தவணைக்குள் பாட்டியையும் பேத்தியையும் கண்முன்னே பார்த்துவிடலாம். அதை வைத்து அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. தேயிலை மலைகளுக்குக் காலங்காலமாகப் பூச்சி மருந்தடிக்கிறார்கள். அங்கே வாழும் ஈக்கள் மருந்தைத் தாங்கும் சக்தியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகின்றனவா? மருந்தே படாத காட்டோரத்து ஈயைவிட இவை வலுத்த சாதியாகிவிட்டனவா?

கூடப் படித்தவர்கள் வெளிநாட்டில் பெரிய பெரிய இயந்திரங்களை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டார்கள். இவளிடம் இருந்தவை போத்தல்களும் பழமும் வருடா வருடம் வருகிற இறுதியாண்டுப் பிள்ளைகளும்தான். பிள்ளைக்கு ஒரு மலையாகக் கேள்வியைத் துண்டு போட்டுக் கொடுத்தாள். "மொத மாசம் ஈயைக் கொல்லப் பழகுவீங்க, ரெண்டாம் மாசம் கொல்லாம இருக்கப் பழகுவீங்க" என்பாள். ஒருத்தனின் போத்தல்களைப் பூஞ்சணம் தின்றது. இன்னொருத்தியின் ஈக்கள் கரண்டு வெட்டில் செத்தன. வந்த விடைகளோ ஆமென்றும் இல்லாமல், இல்லையென்றும் இல்லாமல் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தன. அப்படியே தலை நரைத்துவிட்டது.

இந்த வருடம்தான் ஆம் என்று வந்தது. மருந்து தடவிய குப்பிக்குள் விட்டபோது காட்டோரத்து ஈக்கள் விடியுமுன்னே சுருண்டன. சிவப்பு நூல் கட்டிய போத்தலில் துஷ்யந்தி வளர்த்த தேயிலை மலை ஈக்களோ ஊர்கோலம் போவதுபோல நடந்து திரிந்தன. மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் அப்படியே. அன்றைக்கு ஜீவராணி லெப் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

லயத்து வாசலில் ஜெயம்மா காத்திருந்தாள். கொழுந்தெடுக்கும் வேலைக்கு அன்று போகவில்லை. வந்தவளைக் கதிரையில் உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, "ஐயோ, கிரீம் பிஸ்கட் இல்லையே" என்று மகளைக் கடைக்கு விரட்டினாள். மகளின் தலை மறைந்ததும் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மிஸ், ஒரு சங்கதி சொல்றேன். புள்ளகிட்ட சொல்லிறாதீங்க, கத்துவா."

"சொல்லுங்க."

"கெம்பஸ்ல ஸ்ட்ரைக்குன்னு பூட்டிட்டாங்கல்ல, அப்ப இவ ஈப் போத்தல இங்க கொண்டாந்தா. அந்த நேரம் பாத்து புளத்கொகுபிட்டியில எங்க தங்கச்சி மாமனாரு தவறிட்டாரு. அப்பனும் மகளும் சாவு வீட்டுக்குப் போயிட்டாங்க. 'எறும்பு அண்டாம பாத்துக்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போனா. நானும் கைப்புள்ள மாதிரி பாத்தேன் மிஸ். வெள்ளிக்கெழம வந்திச்சி. சாமிக்கு சாம்பிராணி போட்டேன். புள்ள படிப்பே இதுக்குள்ளதானே இருக்கு, இதுக்கும் காட்டுவோம்னு மூடியிருந்த துணியக் கொஞ்சம் தொறந்து காட்டுனேன். நல்லாவே காட்டுனேன்."

ஜீவராணி கோப்பையைக் கீழே வைத்தாள். மீதியை இனி அவளே சொல்லிவிடுவாள். புகையில் மயங்கிய ஈ, கீழே தீனியாகப் போட்ட ஈரமாவில் விழும், இறக்கை ஒட்டும், எழும்பாது. மயக்கம் கொடுத்தால் போத்தலைச் சாய்த்து வை என்று முதல் வகுப்பிலேயே அவள் தொண்டை கிழியச் சொல்வது அதைத்தான்.

"விடிஞ்சி பாத்தா எல்லாம் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"மாவுக்குள்ள புழு இருந்திருக்குமே?"

"இருந்திச்சிங்க. செத்தது நாறி புழு வேற வெச்சிருச்சேன்னு சுடுதண்ணி ஊத்திக் கழுவிப்புட்டேன்."

செத்த ஈக்களின் பிள்ளைகள் அவை. அவை இருந்திருந்தால் வம்சம் பிழைத்திருக்கும்.

"அப்புறம் ரோசன பண்ணேன். மாவு போட்ட போத்தல் இன்னொண்ணு சும்மா இருந்திச்சி. அடுப்படியில தொங்குற வாழப்பழத்தச் சுத்தி இதே ஈதான், கண்ணுகூட அதே செவப்பு. புடிச்சி உள்ள வுட்டு செவப்பு நூலயும் கட்டி வெச்சிட்டேன். எல்லாம் ஒரே சாதிதானே மிஸ். எம்புட்டுப் பெருகிச்சி பாத்தீங்கல்ல? இவளுக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது." ஜெயம்மா சிரித்தாள். உடனே முகம் மாறி, "என்னா மிஸ், தப்புப் பண்ணிட்டேனா?" என்றாள்.

"இல்ல," என்றாள் ஜீவராணி. சொன்ன பிறகு அந்த இல்லை அவளுக்கே பிடிக்கவில்லை.

பிஸ்கட் வந்தது. தின்றார்கள். பிறகு மலையேறினார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே துஷ்யந்தி நின்று சிரிக்க, ஜீவராணி படம் எடுத்தாள்.

"மிஸ், ஒங்க பேர மொதல்ல சொல்லவா, கடைசியில சொல்லவா?"

"ஏன்?"

"கடைசியில சொன்னா கை தட்டுவாங்க. மொதல்ல சொன்னா நான் நடுங்குறத பாத்துக்கிட்டு இருப்பாங்க."

போத்தல் மாறியது யாருக்குத் தெரியும்? ஜெயம்மாவுக்கே தான் சொன்னது என்னவென்று தெரியாது. இந்தப் பிள்ளை மேடையேறும், பட்டத்தில் நல்ல கிளாஸ் வாங்கும். வாழ்நாள் பாடுபட்டவளுக்கு வாழ்நாளில் ஒரு 'ஆம்' மட்டுமாவது மிஞ்சும். மனசுக்குள் ஒருத்தி இப்படி வக்காலத்து வாங்கினாள். ஜீவராணி அவளைப் பேசவிட்டாள். நியாயமாகத்தான் பேசினாள்.

ஆனால் இதை நம்பி நாளைக்கு எங்கோ ஒரு பிள்ளை ஒரு மலைக்குப் போகும். ஈ பிடிக்கும், வளர்க்கும், மருந்தில் விடும். எல்லாம் செத்துப்போகும். நம் கைதான் சரியில்லை என்று அது அழும். கையைப் பார்த்து அழுத பிள்ளைகளை வருடா வருடம் லெப்பில் பார்த்தவள் ஜீவராணி. சில பேருக்கு அந்த அழுகையோடு படிப்பே வெறுத்துப்போனது.

"துஷ்யந்தி, இங்க ஒக்காரு," என்று மழைத்தண்ணி ஓடும் கானோரத்துக் கல்லைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, "ஒவ்வொரு வம்சத்தையும் ரெண்டு போத்தல்ல வெக்கணும், ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும். அது நான் போட்ட சட்டம். ஸ்ட்ரைக் அவசரத்துல ஒன்கிட்ட ஒண்ணே ஒண்ணத்தான் குடுத்துவிட்டேன். தப்பு அங்கதான் தொடங்கிச்சி. ஒங்கம்மாகிட்ட இல்ல," என்றாள்.

துஷ்யந்தி கேட்டாளோ இல்லையோ, எழுந்து லயத்தைப் பார்த்து ஓடினாள். ஜீவராணியின் முழங்கால் அந்த வேகத்துக்கு வராது. அவள் இறங்கி வரும்போதே சண்டை வாசலுக்கு வந்திருந்தது.

"சாமிப் பொகை காட்டுனது ஒரு குத்தமாடி? ஒனக்காகத்தானே காட்டுனேன்!"

"ஒன்ன யாரு காட்டச் சொன்னா? என் ஒரு வருசம்மா! எல்லாம் போச்சி!"

"ஈ செத்துச்சின்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நீ சோறு தின்னிருப்பியா?"

பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து அந்தனி தலையை நீட்டி, "என்னாக்கா, யாரு செத்தது?" என்றார்.

"ஈ அண்ணே!" என்று கத்தினாள் ஜெயம்மா. அந்தனி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஜீவராணி நடுவில் போய் நின்றாள். "ஜெயம்மா, நான் ஒங்ககிட்ட தப்பு இல்லன்னு சொன்னேன். அது பொய். போத்தல மாத்துனது தப்புத்தான். ஆனா அது என் தப்புக்குப் பொறகு வந்த தப்பு." பிறகு கோயில் மேட்டுக்கு ஏறினாள், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். போத்தல் மாறிவிட்டது, பேச்சைத் திரும்பப் பெறுகிறோம் என்று மாநாட்டுக்கு எழுதி அனுப்பினாள்.

திரும்பி வந்தபோது துஷ்யந்தி அடுப்படி வாசற்படியில் முகம் வீங்க உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஃபெயிலா மிஸ்?"

"இல்ல. நடந்தத நடந்த மாதிரி எழுது. கிளாஸ் கொஞ்சம் எறங்கும். அத நான் மறைக்கப் போறதில்ல."

துஷ்யந்தி மூக்கை உறிஞ்சினாள். உள்ளே தொங்கிய வாழைச் சீப்பை வெறித்தாள்.

"மிஸ்… அப்ப மருந்துல சாகாம நடந்துச்சே, அது இந்த ஈயா?"

ஜீவராணி திரும்பிப் பார்த்தாள். போனதை நினைத்து மருகியதில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"தேயிலைக்குள்ளேயே போகாத ஈ மிஸ். அடுப்புப் பொகையும் நொளம்பு கடிக்காம கொளுத்துற சுருள் பொகையும்தான் தின்னு வளந்துச்சி. இது ஏன் சாகல?"

"தெரியல," என்றாள் ஜீவராணி. இத்தனை வருடம் வந்த பிள்ளைகள் எல்லோரும் அவளுடைய கேள்வியைத்தான் சுமந்தார்கள். இது அவளுடையது இல்லை. "டிசம்பரோட நான் போயிருவேன் துஷ்யந்தி. லெப் சாவி என் கையில இருக்காது."

"ஈ இங்கதானே இருக்கு," என்றாள் அவள், கொஞ்சம் கோபமாகவே. எழுந்து போத்தல் தேடினாள்.

"ஏய், நில்லு!" ஜெயம்மா வாசலை மறித்தாள். "என் அடுப்படியில ஈ மொய்க்குதுன்னு கொழும்பு வரைக்கும் எழுதப்போறியா? ஒங்கப்பன் மானம் என்னாகும்?"

"எழுதித்தாம்மா ஆகணும். எங்க புடிச்சோம்னு சொல்லணும்."

ஜெயம்மா ஜீவராணியைப் பார்த்தாள். ஜீவராணி ஆமென்று தலையாட்டினாள்.

"சரி, அப்ப எங்க வூட்ட மட்டும் எழுதாத," என்று வழியை விட்டாள் ஜெயம்மா. "அந்தனி வூட்லயும் புடி. அங்க இன்னும் கூட." சொல்லிக்கொண்டே சீப்பிலிருந்து கனிந்த பழமாக ஒன்றைப் பிய்த்து, அந்தனியின் கதவைத் தட்டப் போனாள்.